திப்பியில பழ வாசனை வரலையா? மூக்கை வெச்சே தப்பைக் கண்டுபிடிக்கிறது

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் களத்துல முதல் தடவை நான் போய் ஈரத் திப்பி, அதாவது மரவள்ளிக்கிழங்குல மாவு எடுத்தது போக மிஞ்சற சக்கை, ரெண்டு பை வேணும்னு கேட்டப்ப, அங்க திப்பி கிளறிட்டிருந்த அண்ணன் சிரிச்சிட்டாரு. "ஏனுங் தம்பி, மாட்டுக்குப் போடறதுங் இது, இதுல போயி வாழப்பழ வாசம் வருங்களா?" ன்னாரு. வரும்ணா, ஒரு வாரம் கழிச்சு கொண்டாந்து காட்டறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு வாரம் கழிச்சு என்கிட்ட இருந்தது அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஒரு டப்பா. அதைக் கொண்டு போய்க் காட்டவே இல்ல.

அதுக்கப்புறம் நிறைய டப்பா கெட்டுப் போச்சு, அதுல புரிஞ்சது ஒண்ணுதான், திப்பி மாதிரி கழிவுல பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளத்து பழ வாசனை எடுக்கற இந்த வேலையில மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி மூக்கைப் பழக்கணும். என்ன தப்பு நடந்துச்சுன்னு அந்த நாத்தமே சொல்லிடும். அதனால இதை அறிகுறி வாரியா எழுதறேன், உங்க டப்பா என்ன வாடை அடிக்குதோ அங்க போய்ப் படிச்சுக்கோங்க.

முதல்ல மோந்து பாக்கற முறை. டப்பாவைத் திறந்து மூக்கை உள்ள விடாதீங்க, பூஞ்சை விதைத்தூள் நேரா நுரையீரலுக்குப் போகும், ஆஸ்துமா இருக்கறவங்க இந்த வேலைக்கே வராதீங்க. மாஸ்க் போட்டுத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து சின்ன கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடி பத்து நிமிசம் விட்டு, அப்புறம் பாட்டிலை ஒரு ஜாண் தள்ளிப் புடிச்சு கையால காத்தை மூக்குப் பக்கம் விசிறுங்க, அது போதும். பச்சை, மஞ்சப்பச்சை, கருப்புன்னு நீங்க போடாத கலர்ல எது வளந்திருந்தாலும் மோந்தே பாக்காதீங்க, மூடி அப்படியே குக்கர்ல வேக வெச்சுக் கொட்டிடுங்க. இன்னொண்ணு, இது வாசனை கத்துக்கற வேலை, வாயில வெக்கிற வேலை இல்ல. சாப்பாட்டுல சேக்கறதுன்னா அதுக்கு டெஸ்ட், லைசன்ஸ் எல்லாம் தனிக் கதை.

உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா. ஈஸ்ட்டும் பூஞ்சைதான். அது சர்க்கரையைத் தின்னு ஆல்கஹால் பண்ணும், அந்த ஆல்கஹால் அசிட்டைல்ங்கற அசிட்டிக் அமிலத் துண்டோட சேந்து எஸ்டர் ஆகும், பழ வாசனைன்னு நாம சொல்றதுல பாதி எஸ்டர்தான். லூசின்ங்கற அமினோ அமிலம் இருந்தா ஐசோஅமைல் ஆல்கஹால் வரும், அதுலருந்து ஐசோஅமைல் அசிட்டேட், அதுதான் வாழைப்பழ வாசம். ஃபினைல்அலனைன் இருந்தா ரோஜா வாசம். ஈஸ்ட் அமினோ அமிலத்தை இப்படி ஆல்கஹாலா மாத்துதுன்னு ஏர்லிக்னு ஒரு ஜெர்மன்காரர் 1907-லயே சொல்லிட்டாரு. நான் ஓட்டறது மூணு. திப்பியில ரைசோபஸ் ஒரைசேங்கற பூஞ்சை, திப்பியிலயே க்ளூய்வரோமைசஸ் மார்க்சியானஸ் ஈஸ்ட், ஆமணக்கு எண்ணெய்ல யாரோவியா லிப்போலிட்டிகாங்கற இன்னொரு ஈஸ்ட். மூணுமே கல்ச்சர் பேங்க்ல (சுத்தமான நுண்ணுயிர் வகைகளை வெச்சுத் தர்ற இடம்) வாங்கினது, சோத்துல பூத்ததை சுரண்டி எடுத்து ஆரம்பிக்காதீங்க.

ஈஸ்ட் போட்டு மூணு நாள் ஆச்சு, ஒரு வாசனையும் இல்ல

திப்பி காஞ்ச எடையில பாதி வாக்குல ஸ்டார்ச்தான் இருக்கு, அதான் சர்க்கரை நிறைய இருக்கேன்னு நினைச்சு ஈஸ்ட்டைக் கொட்டிடறாங்க, நானும் கொட்டினேன். ஆனா இந்த ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ச்சை உடைக்கத் தெரியாது, கண்ணு முன்னாடி சோறு இருக்கு ஆனா பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. மெடிக்கல்ல டிங்ச்சர் அயோடின் வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, மூணாவது நாளும் மை மாதிரி கருநீலமா மாறுச்சுன்னா ஒண்ணுமே உடையலன்னு அர்த்தம்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நேரா சர்க்கரை சேக்கறது. ரெண்டாவது, ரைசோபஸை முதல்ல ஒரு நாள் ஓட விட்டு அது ஸ்டார்ச்சை உடைச்சதும் ஈஸ்ட்டைப் போடறது. இந்தோனேசியாவுல இதே மரவள்ளிக்கிழங்கை வேக வெச்சு பூஞ்சையும் ஈஸ்ட்டும் கலந்த ராகின்னு ஒரு வில்லையைத் தூவி (நம்ம கேழ்வரகு இல்ல, பேருதான் அப்படி) ரெண்டு மூணு நாள் மூடி வெச்சு தாப்பேன்னு இனிப்பா சாப்பிடறாங்க, அதுல வர்ற பழவாசம் இந்தக் கூட்டணியாலதான். எனக்கு ரெண்டாவது வழிதான் புடிச்சிருக்கு, செலவும் கம்மி. அயோடின் சொட்டு கருநீலத்துலருந்து செம்பழுப்புக்கு வந்ததும் ஈஸ்ட் போடற நேரம் வந்துடுச்சு.

அழுகின முட்டை நாத்தம்

இதுதான் அந்த அண்ணன்கிட்ட காட்ட முடியாத டப்பா. சர்க்கரைக்குப் பதிலா வெல்லம் போடலாம்னு மண்டிக்குப் போய் பாக்க அழகா பளிச்னு மஞ்சளா இருந்த அச்சுவெல்லமா பாத்து வாங்கிட்டு வந்தேன். தப்பு அங்கதான். அந்தப் பளிச் மஞ்சளுக்கு ஹைட்ரோஸ் போட்டு வெளுக்கறாங்க, அதுல இருக்கற சல்ஃபைட் முதல்ல ஈஸ்ட்டை அமுக்கும், தப்பிப் பிழைச்ச ஈஸ்ட் அதே சல்ஃபைட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்தும், அதுதான் முட்டை நாத்தம். கருப்பா பிசுபிசுன்னு பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கற வெல்லமா வாங்குங்க, அதுவும் டவுட்டா இருந்தா ரேசன் சர்க்கரையே போதும்.

வெல்லம் மாத்தியும் நாத்தம் போகலன்னா நைட்ரஜன் பத்தல. திப்பியில புரதம்னு சொல்லிக்கற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, நைட்ரஜன் இல்லாம பட்டினி கிடக்கற ஈஸ்ட்டும் இதே வாயுவைத்தான் விடும். கடலைப் புண்ணாக்குத் தூள் கொஞ்சம் சேருங்க, நூறு கிராம் காஞ்ச திப்பிக்கு அஞ்சு கிராம் வாக்குல நான் போடறேன், அதுல லூசினும் இருக்கு, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ஆனா அந்தப் புரதத்தை உடைக்க ரைசோபஸ் கூட இருக்கணும், ஈஸ்ட் தனியா உடைக்காது. புண்ணாக்கு அன்னைக்கு செக்குல ஆட்டினதா இருக்கணும், ஈரம் பட்டுப் பழசான கடலைப் புண்ணாக்குல அஃப்ளாடாக்சின்ங்கற விஷத்தை விடற பூஞ்சை ஏற்கனவே குடியிருக்கும். ஒரு தம்பி லூசினுக்காக ஜிம்முல குடிக்கிற பிசிஏஏ பவுடரை (லூசின் மாதிரி அமினோ அமிலங்க கலந்தது) கொட்டிட்டு "அண்ணா, செம மேங்கோ வாசம்ணா" ன்னு போன் பண்ணான். டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிடான்னேன். மேங்கோ ஃப்ளேவர்.

நெயில் பாலிஷ், தின்னர் வாடை

பயப்படாதீங்க, பாதி கிணறு தாண்டிட்டீங்க. இது எத்தில் அசிட்டேட். கொஞ்சமா இருந்தா பழவாசம், அளவு மீறினா பெயிண்ட் கடை. சர்க்கரை மட்டும் அள்ளிப் போட்டு அமினோ அமிலம் இல்லாம விட்டா ஈஸ்ட்டுக்கு இது ஒண்ணுதான் பண்ணத் தெரியும். இந்த க்ளூய்வரோமைசஸ்க்கு இரும்புச் சத்து பத்தலன்னாலும் எத்தில் அசிட்டேட் எகிறும், அதனால சுத்தமான கண்ணாடிப் பாத்திரம், சுத்தமான சர்க்கரைன்னு ரொம்ப சுத்தம் பாத்தவங்களுக்குத்தான் இந்த வாடை அதிகமா வருதுன்னு தோணுது.

காபித் தோல்ல இதே விசயத்தை 2000 வாக்குல பிரேசில்ல குரிச்சிபா ஊர்ல இருக்கற பரானா பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணாங்க, நம்ம திருவனந்தபுரம் சிஎஸ்ஐஆர் ஆய்வகத்து அசோக் பாண்டேயும் கூட இருந்தாரு. செரட்டோசிஸ்டிஸ் ஃபிம்ப்ரியாட்டான்னு ஒரு பூஞ்சை, குளுக்கோஸ் 20 சதவீதம் சேத்தப்ப நல்ல அன்னாசி வாசம், 46-க்கு ஏத்தினதும் வாசம் குறைஞ்சுது, லூசின் சேத்ததும் வாழைப்பழத்துக்கு மாறிடுச்சு. சர்க்கரை கூடக் கூட வாசனையும் கூடும்ங்கற நெனப்பை இங்கயே விட்டுடுங்க.

காபித் தோல்ல பூஞ்சையே ஏற மாட்டேங்குது

1820-கள்ல காக்பர்ன்னு ஒரு சேலம் கலெக்டர் ஏற்காட்டுல காபி வெச்சாரு, அன்னைக்குலருந்து பல்பர் (காபிப் பழத்தோலை உரிக்கிற மெஷின்) ஓடற சீசன்ல மலை பூரா இந்தத் தோல் குமியுது, ஓசியில கிடைக்கும். ஆனா அதுல காஃபீனும் டானினும் இருக்கு, ரெண்டும் பூஞ்சைக்கு ஆகாது. வெந்நீர்ல அரை மணி ஊற வெச்சு அந்தக் கருப்புத் தண்ணியை வடிங்க, இன்னொரு தடவையும் பண்ணுங்க, அப்புறம் திப்பியோட பாதிக்குப் பாதி கலந்தீங்கன்னா ரைசோபஸ் ஏறும். தனித் தோல்ல எனக்கு ஒழுங்கா வந்ததே இல்ல.

அந்த பிரேசில் பூஞ்சையை வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: மலைமேல வேண்டவே வேண்டாம். செரட்டோசிஸ்டிஸ் செடிகளுக்கு நோய் கொண்டு வர்ற இனம், காபிச் செடித் தண்டுல புண்ணு வெக்கும், மாதுளையில வாடல் நோய் அதாலதான். நாலு பக்கமும் எஸ்டேட் இருக்கற இடத்துல, ஒழுங்கான லேப் வசதி இல்லாம அதை வளக்கறது ஊர் சோத்துல மண்ணள்ளிப் போடற வேலை. அதே மாதிரி தேங்கா வாசத்துக்காக ட்ரைக்கோடெர்மா வளக்கறவங்க (நிஜமாவே தேங்கா வாசம்தான், பென்டைல் பைரோன்னு ஒரு பொருள்) பக்கத்து வீட்டுல சிப்பிக் காளான் ஷெட் இருந்தா அந்த ஆசையை விட்டுடுங்க, காளான் பையில பச்சைப் பூசணமா வந்து நிக்கறது இதேதான்.

புளிச்ச மாவு வாடை, வினிகர் வாடை, இல்ல வாந்தி வாடை

மூணுமே பாக்டீரியா, மூணுக்கும் அப்பன் அதிக ஈரம். ஆலையிலருந்து வர்ற ஈரத் திப்பி களத்துல ஒரு நாள் கிடந்தாலே புளிச்சிடும், அதை அப்படியே கொண்டாந்து வேக வெச்சா பாக்டீரியா சாகும், புளிப்பும் வாடையும் சாகாது. வெயில்ல நல்லாக் காஞ்ச திப்பியா வாங்கி நீங்களே தண்ணி சேருங்க, கிழங்குல இருக்கற சயனைடும் காயறதுலயே பெரும்பாலும் போயிடும்.

எவ்வளவு தண்ணின்னா கணக்கை விட கைதான் நம்பகம். தண்ணி தெளிச்சுப் பிசிறி அரை மணி மூடி வெச்சிட்டு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் புடிங்க. விரல் இடுக்குல ஈரம் பளபளன்னு தெரியணும், ஆனா சொட்டக் கூடாது. கையை விரிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், கட்டை விரலால லேசா தட்டினா பொலபொலன்னு உதிரணும். உதிராம களி மாதிரி ஒட்டினா உள்ள காத்து போகாது, அங்க பாக்டீரியாதான் குடும்பம் நடத்தும். அப்ப காபித் தோலோ உமியோ கொஞ்சம் கலந்து இளக்குங்க.

கை சோதனை சரியா இருந்தும் புளிச்சா, பூஞ்சை போடறதுக்கு முன்னாடி திப்பியை வேக வெக்கிற குக்கரைப் பாருங்க, முக்கியமா ஏற்காட்டுக்காரங்க. நான் கீழ சேலத்துல முப்பது நிமிசம் வெச்சு சரியா வந்ததை அப்படியே மேல போய் பண்ணினேன், நாலு டப்பாவுல மூணு கெட்டுச்சு. காரணம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. ஏற்காடு 1500 மீட்டர் உசரம், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிடும். குக்கர் வெயிட்டு வெளிக்காத்தை விட இவ்வளவு அழுத்தம் கூடன்னுதான் தூக்கும், வெளிக்காத்தே லேசா இருந்தா உள்ள சூடும் கம்மி, 120 வர வேண்டிய இடத்துல 117, 118-தான் வரும். ரெண்டு மூணு டிகிரிதானேன்னு தோணும், ஆனா ஸ்போர்ங்கற தடிச்ச கூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற பாக்டீரியாவைக் கொல்ல அந்த ரெண்டு மூணு டிகிரிக்கு கிட்டத்தட்ட ரெட்டிப்பு நேரம் தேவைப்படும். மேல நான் இப்ப ஒரு மணி நேரம் வெக்கிறேன், டப்பாவையும் அரைவாசிதான் நிரப்பறேன்.

மூத்திர வாடை

யூரியா அதிகம். பூஞ்சை அதை உடைச்சு அமோனியாவா விடுது. யூரியாவை நிறுத்திட்டு அமோனியம் சல்ஃபேட் துளியூண்டு போடுங்க, இல்ல புண்ணாக்கு மட்டும் போதும்.

ஓரத்துல வாசம் நல்லா இருக்கு, நடுவுல பழுப்பா வெந்த வாடை

பூஞ்சை வளரும்போது சூடு விடும், திப்பி சூட்டைக் கடத்தாது, அதனால நடுவுல அதுவே தன்னை வேக வெச்சுக்கும். சித்திரை வெயில்ல சேலத்துல ரூமே 38, 39 நிக்கும்போது நாலு விரல் தடிமனா பரப்பினீங்கன்னா நடு மையம் எங்கயோ போயிடும். ரெண்டு விரல் தடிமனுக்கு மேல போகாதீங்க, நீளமான தெர்மாமீட்டர் ஒண்ணை நடுவுல குத்தியே வெச்சிருங்க, ரைசோபஸ்னா 30 லருந்து 35க்குள்ள நிக்கட்டும். மார்கழியில மலைமேல இதுக்கு நேர் எதிர் தொல்லை, ராத்திரி குளிர்ல பூஞ்சை தூங்கிடும், பழைய தெர்மாகோல் பொட்டியில வெந்நீர் பாட்டில் ஒண்ணு வெச்சு மூடுங்க.

பீச் பழ வாசம் வந்துச்சு, மறுநாள் காணோம்

இது ஆமணக்கு கேஸ், எனக்கு ரொம்பப் பிரியமானது. ஏத்தாப்பூர்ல மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஒரே ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நம்ம மாவட்டத்து ரெண்டு பயிரும் ஒரே கேட்டுக்குள்ள. அந்த ஆமணக்கு எண்ணெய்ல முக்காலே மூணு வீசமும் ரிசினோலெயிக் அமிலம். யாரோவியா ஈஸ்ட் அந்த 18 கார்பன் சங்கிலியை ரெண்டு ரெண்டு கார்பனா கடிச்சுக்கிட்டே வரும், 10 கார்பன்ல நின்னுச்சுன்னா அது வளைஞ்சு வட்டமாகி காமா-டெக்காலாக்டோன் ஆகும், அதுதான் பீச் வாசம். உலகத்துல இயற்கைன்னு லேபிள் ஒட்டி விக்கிற பீச் வாசனையில நிறைய இந்த வழியில வர்றதுதான், ஐரோப்பாவுல 1334/2008 சட்டமே நுண்ணுயிர் வழியா பண்ணினாலும் இயற்கைன்னு சொல்லலாம்னு அனுமதிக்குது.

தொல்லை என்னன்னா, ஈஸ்ட் 10-ல நிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல. எண்ணெய் தீந்ததும் பண்ணின வாசனையையே திரும்பித் தின்ன ஆரம்பிச்சிடும். அதனால வாசம் ஏறும்போதே ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மோந்து நோட்டுல எழுதுங்க, ஏத்தம் நின்னுச்சுன்னு தோணின உடனே நிறுத்துங்க, நாளைக்கு இன்னும் வரும்னு பேராசைப்பட்டா காலையில வெறும் எண்ணெய்ச் சிக்குதான் இருக்கும். நிறுத்தறதுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டு நல்லாப் புளிப்பாக்கி சூடு பண்ணுங்க, ஈஸ்ட்டும் சாகும், வளையாம மிச்சமிருந்ததும் வளைஞ்சு வாசனை இன்னும் ஒரு படி கூடும். அந்த நிமிசம் ரூம்ல நிக்கணும்ங்க, டின் பீச்சைத் திறந்த மாதிரி கும்முனு வரும்.

ஆரம்பத்துலருந்தே வாசம் வரலன்னா எண்ணெய் தண்ணியோட கலக்காம மேல மிதக்குதான்னு பாருங்க. ஈஸ்ட் எண்ணெய்த் துளியோட ஓரத்துலதான் வேலை செய்யும், மிக்ஸியில அடிச்சு மோர் மாதிரி ஆனாத்தான் ஓரம் நிறைய கிடைக்கும். காத்தும் நல்லாப் போகணும், இது காத்தில்லாம நடக்கற வேலை இல்ல.

வாசம் ரூம் பூரா இருக்கு, பாட்டில்ல ஒண்ணும் இல்ல

ரூம்ல வாசம் வந்துச்சுன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தம். எத்தில் அசிட்டேட் 77 டிகிரியிலயே கொதிக்கும், நம்ம ஊர் வெயில்ல சும்மாவே பறக்கும். காத்து விடற குழாயோட வெளிவாயை ஐஸ்ல வெச்ச பாட்டில் வழியா விடுங்க, அதுக்குப் பின்னாடி சிரட்டைக் கரில பண்ணின ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு குழாய் நிறைய வையுங்க, மிச்சத்தை அது புடிச்சுக்கும். பீச் லாக்டோன் அவ்வளவு சீக்கிரம் பறக்காது, அதுக்கு இந்தப் பாடு வேண்டாம். ரப்பர் குழாய், ரப்பர் மூடி ரெண்டும் வாசனையைக் குடிச்சிட்டு அடுத்த பேட்ச்சுல துப்பும், கண்ணாடியும் சிலிக்கானும் போதும்.

காய்ச்சி வடிக்கலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. வெல்லம், ஈஸ்ட், புளிச்ச ஊறல், அடுப்பு, மேல ஒரு வடிகுழாய், இவ்வளவும் ஒரே ரூம்ல இருந்தா அது பாக்கறவங்களுக்கு என்ன மாதிரி தெரியும்னு ஒரு நிமிசம் யோசிங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-லருந்து இருக்கு, அதுல வாழைப்பழ வாசத்துக்குன்னு தனி விலக்கு எதுவும் நான் பாக்கல. வீட்டு ஓனர் அக்கா ஒரு நாள் கதவைத் தட்டி "என்ன தம்பி, வாசம் ஒரு தினுசா இருக்குது" ன்னு கேட்டதுலருந்து வடிகுழாயை எடுத்துப் பரண்ல போட்டுட்டேன், ஐஸ் பாட்டிலோட நிறுத்திக்கிட்டேன். அக்காவுக்கு அந்த வாரம் நல்லா வந்த டப்பாவைக் காட்டினேன். மோந்து பாத்துட்டு, பூவம்பழம் மாதிரி இருக்கு ஆனா கொஞ்சம் அதிகமாப் பழுத்தது மாதிரின்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, ஆறு மணி நேரம் முன்னாடியே எடுத்திருக்கணும்.